மரப்பொறிக் கடிகாரம்

பற்சக்கரங்களையும் தாங்குபலகைகளையும் மரத்தாலேயே செய்து, அலமாரித் தட்டில் வைக்கும் அளவில் அமைத்த ஊசல் கடிகாரம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1816 தொடங்கி ஏறத்தாழ 1840 வரை பெருவாரியாக உருவானது.

பித்தளை விலையேறிய பொருளாக இருந்த காலம் அது. பிளிமத் ஊரைச் சேர்ந்த எலி டெரி (1772–1852) நீர்விசை இயந்திரங்களால் மரச்சக்கரங்களை வெட்டி, 1810 வாக்கில் 4,000 பொறிகளைச் செய்து முடித்தார். ஒரு பொறியின் சக்கரம் மற்றொன்றிலும் பொருந்தியது. கடிகாரம் எளியவர் வீட்டுக்கும் வந்தது இதனால்தான். அலமாரிக் கடிகாரத்துக்கு அவர் 1816இல் காப்புரிமை பெற்றார். செத் தாமஸ், சான்சி ஜெரோம் முதலியோரும் இத்தொழிலில் இறங்கினர். வண்டி வியாபாரிகள் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றனர்.

முகப்பு வட்டத்துக்குப் பின்னால் ஓக் பலகைகள். அவற்றுக்கிடையே செர்ரி மரச் சக்கரங்கள். இருபுறமும் கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டுகள். ஒருமுறை சாவி கொடுத்தால் 30 மணி நேரம் ஓடும். கதவின் கீழ்க்கண்ணாடியில் வீடு, மரம், நீர்நிலை என ஓவியம் இருக்கும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் போலவே இதையும் கண்ணாடியின் பின்பக்கத்தில் எழுதினார்கள். நுண்கோடுகள் முதலில், பின்னணி வண்ணம் கடைசியில்.

மரம் ஈரத்தில் ஊதும். கடற்பயணம் இதற்கு ஒத்துவரவில்லை. 1837இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஜெரோம் மலிவான பித்தளைத் தகட்டுப் பொறிக்கு மாறி, 1842இல் இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கினார். மரப்பொறியின் காலம் அத்தோடு முடிந்தது.

மலாயாவின் கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியதோ அதற்கு வெகுகாலம் பின்னர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் விடியுமுன்னே பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு). மணி தவறினால் வேலை கெடும். அங்கே துரை பங்களாவுக்கோ ஆபீசுக்கோ அன்று புதிதாக வாங்கிய ஊசல் கடிகாரத்தில் மரப்பொறி இருக்க வழியில்லை. பழைய கடிகாரம் கைவசம் உள்ளவர்கள் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாலே பொறி மரமா, பித்தளையா என்பது தெரிந்துவிடும்.

கடிகாரம் சேகரிப்போருக்கான தேசியச் சங்கம் அமெரிக்காவில் 1943இல் அமைந்தது. கனெக்டிகட்டின் பிரிஸ்டல் நகரில் கடிகாரங்களுக்கெனத் தனி அருங்காட்சியகமும் உண்டு. மதிப்பு பெரும்பாலும் மூன்றைப் பொறுத்தது: மாற்றப்படாத பொறி, உட்புறம் ஒட்டிய தயாரிப்பாளர் அச்சுத்தாள், பழைய ஓவியக் கண்ணாடி. வண்ணம் உதிர்ந்திருந்தாலும் பழைய கண்ணாடியே மேல். புதிதாகத் தீட்டியது அதற்கு ஈடாகாது. மரப்பற்களில் எண்ணெய் விடவும், ஓவியத்தின் பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம்.