பிளேபேக்

பதிவுசெய்த ஒலியையோ காட்சியையோ மறுபடி ஓடவிடுவது பிளேபேக். எடிசனின் 1877ஆம் ஆண்டு ஃபோனோகிராஃபிலேயே பதிவும் மறு ஒலிப்பும் ஒரே கருவியில் இருந்தன.

இந்தியாவில் இச்சொல் சினிமாப் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. பிளேபேக் வரும்வரை நடிகர்களே காமிரா முன் பாடவேண்டியிருந்தது. வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே ஒளிந்திருந்து வாசிப்பார்கள். 1935இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ், நிதின் போஸ் இயக்கிய ‘பாக்ய சக்ரா’ என்ற வங்காளப் படத்தில் பாட்டை முன்கூட்டிப் பதிந்து, படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு வாயசைக்க வைத்தது. தமிழில் ஏவி. மெய்யப்பன் ‘நந்தகுமார்’ (1938) படத்தில் லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்தார். குரல் ஒருவருடையது, முகம் மற்றவருடையது என்ற இந்த ஏற்பாடு பின்னணிப் பாடகர் என்ற மகத்தான கலைஞரை நமக்குத் தந்தது.

தளத்தில் இதன் நுட்பம் தனி அழகு. பாட்டை ஸ்லோமோஷனில் எடுக்க வேண்டுமானால், காமிரா நொடிக்கு 48 ஃபிரேம் ஓடும். ஸ்பீக்கரில் பாட்டும் இருமடங்கு வேகத்தில் ஒலிக்கும். நடிகர் அதற்கு ஈடுகொடுத்துப் படபடவென வாயசைப்பார். திரையில் 24 ஃபிரேமில் ஓடும்போது கூந்தல் மெதுவாக அலைபாயும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும்.

தொலைக்காட்சி விளையாட்டு ஒளிபரப்பில், பதிந்த காட்சியை மறுபடி ஓடவிடும் வேலைக்கு ‘ரீப்ளே’ என்ற சொல்லே வழங்குகிறது.