ஐசோடைப்

ஐசோடைப் என்பது, புள்ளிவிபரங்களையும், சமூகம், பொருளியல், நலவாழ்வு முதலிய துறைகளைச் சார்ந்த பிற தகவல்களையும் எளிய படக்குறிகளைக் கொண்டு ஒழுங்குபடுத்திக் காட்டுவதற்கான ஒரு முறை ஆகும். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், 1925 ஆம் ஆண்டு தொடக்கம், ஒட்டோ நொய்ராத், மரீ ரைடெமைஸ்டர் (பின்னாளில் மரீ நொய்ராத்), கெர்ட் ஆர்ன்ட்ஸ் ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் இதனை உருவாக்கினர். தொடக்கத்தில் இது வியன்னாப் படப்புள்ளியியல் முறை எனப்பட்டது. "இன்டர்நேஷனல் சிஸ்டம் ஆஃப் டைப்போகிராஃபிக் பிக்சர் எஜுகேஷன்" என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைக் கொண்டு, 1935ல் ஐசோடைப் என்ற பெயரை முன்மொழிந்தவர் மரீ ஆவார். கிரேக்க மொழியில் இச்சொல் "ஒரே வகை" என்று பொருள்படுவதும் இம்முறைக்குப் பொருத்தமாக அமைந்தது.

ஐசோடைப்பை ஒரு படக்குறித் தொகுப்பு என்று மட்டும் கருதுவோர் உளர். இது முழுவதும் சரியன்று. குறிகளை வரைவது இம்முறையின் இறுதிக் கட்டம் மட்டுமே. எதைக் காட்டுவது, எதை விடுவது, எதனை எதன் அருகில் வைப்பது என்பவற்றை முடிவு செய்வது அதற்கு முன்னர் நடைபெறும் பணியாகும். இதனைத் தனியானதொரு தொழிலாக வரையறுத்ததே ஐசோடைப்பின் முதன்மையான பங்களிப்பு எனலாம். தகவல் வடிவமைப்புப் பயிலும் மாணவர்களுக்கு இன்றும் இது கற்பிக்கப்படுவதன் காரணமும் இதுவே.

தோற்றம்

முதல் உலகப் போரின் பின்னர் வியன்னா மாநகராட்சி சமூக சனநாயகக் கட்சியினரின் ஆட்சியின் கீழ் வந்தது. வீட்டுப் பற்றாக்குறை, காசநோய், குழந்தை இறப்பு போன்றவை நகரின் பெரும் சிக்கல்களாக இருந்தன. இவற்றைத் தீர்ப்பதற்காக வரிப்பணம் எவ்வாறு செலவிடப்படுகின்றது என்பதை, நீண்ட அட்டவணைகளைப் படித்துப் பழக்கமில்லாத தொழிலாளர் குடும்பங்களும் அறிந்துகொள்ள வேண்டும் என நொய்ராத் கருதினார். இவர் ஒரு பொருளியலாளரும், வியன்னா வட்டம் எனப்பட்ட மெய்யியலாளர் குழுவின் உறுப்பினரும் ஆவார். 1925ல் மாநகராட்சியின் ஆதரவுடன் இவர் சமூக, பொருளியல் அருங்காட்சியகத்தை நிறுவினார். இது பழம்பொருட்கள் இல்லாத ஓர் அருங்காட்சியகம். புள்ளிவிபர வரைபடங்களும், நிலப்படங்களும், மாதிரியுருக்களுமே இதன் காட்சிப்பொருட்கள். 1927 முதல் நகர மண்டபக் கட்டிடத்திலும் இதன் காட்சிகள் இடம்பெற்றன.

மரீ ரைடெமைஸ்டர், ஜெர்மனியின் கேட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்றவர். 1924ல் மாணவர் குழுவொன்றுடன் வியன்னாவுக்குச் சென்றபோது நொய்ராத்தைச் சந்தித்தார். அடுத்த ஆண்டில் படிப்பை முடித்ததும் அருங்காட்சியகப் பணியில் சேர்ந்தார். ஓவியரும் அச்சுக்கலைஞருமான ஆர்ன்ட்ஸ் 1920களின் இறுதியில் இவர்களுடன் இணைந்தார்.

அளவும் எண்ணிக்கையும்

இம்முறையின் அடிப்படை விதி ஒன்றே: கூடிய அளவைக் காட்டுவதற்குக் குறியைப் பெரிதாக்கக்கூடாது, அதே குறியைக் கூடிய எண்ணிக்கையில் வரையவேண்டும்.

இதற்கு முன்னர் வெளிவந்த பல நூல்களிலும் இதழ்களிலும், ஒரு நாட்டின் படை மற்றொன்றினதைப் போல் இரு மடங்கு எனக் காட்ட, இரு மடங்கு உயரமான போர்வீரன் ஒருவனை வரைவது வழக்கமாக இருந்தது. உயரம் இரு மடங்கானால், அகலமும் அவ்வாறே கூடுவதனால், தாளில் உருவம் அடைக்கும் பரப்பு நான்கு மடங்காகின்றது. பார்ப்பவர் அதனை ஒரு திண்மப் பொருளாக, எடுத்துக்காட்டாக ஒரு பீப்பாயாக, எண்ணினால் கொள்ளளவு எட்டு மடங்காகத் தோன்றும். உயரத்தை ஒப்பிடவேண்டுமா, பரப்பையா, கொள்ளளவையா என்பதைப் படம் சொல்வதில்லை. அமெரிக்கப் பொறியியலாளரான வில்லார்ட் பிரின்டன் 1914ல் வெளியிட்ட நூலிலேயே இத்தவறு சுட்டிக்காட்டப்பட்டுள்ளது. எனினும், இதற்கான தீர்வை விதியாக்கி, நூற்றுக்கணக்கான வரைபடங்களில் தொடர்ச்சியாகப் பின்பற்றியவர்கள் வியன்னாக் குழுவினரே. கணினித் திரையில் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குவது எளிதாகிவிட்ட இக்காலத்தில் இத்தவறு முன்னரிலும் பரவலாகக் காணப்படுகின்றது.

ஒவ்வொரு குறியும் ஒரு குறித்த தொகையைக் குறிக்கும். அத்தொகையைத் தெரிவு செய்வதில் கவனம் தேவை. அது மிகச் சிறிதாயின் குறிகள் எண்ண முடியாதபடி பெருகிவிடும். மிகப் பெரிதாயின் வேறுபாடுகள் மறைந்துவிடும். எண்களைக் கிட்டிய முழுத் தொகைக்கு மாற்றுவதனால் துல்லியம் குறைகின்றது. சரியான எண்களைப் பார்த்து மறந்துவிடுவதிலும், எளிமையாக்கிய அளவுகளை நினைவில் வைத்திருப்பது பயனுள்ளது என்பது நொய்ராத்தின் கருத்து. ஒரு நல்ல படத்தில் முதற் பார்வையில் முக்கியமான செய்தியும், இரண்டாம் பார்வையில் அடுத்த நிலைச் செய்தியும், மூன்றாவதில் நுணுக்கங்களும் தெரியவேண்டும் என்றும், அதற்கு மேலும் பார்க்கவேண்டி இருப்பின் அப்படம் பொருத்தமற்றது என்றும் அவர் கூறிவந்தார்.

உருமாற்றுநர்

அருங்காட்சியகத்தில் பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. புள்ளியியலாளர்களும் பிற துறை வல்லுனர்களும் தரவுகளைத் தந்தனர். ஓவியர்கள் குறிகளை வரைந்தனர். இவ்விரு சாராருக்கும் இடையில் இருந்தவர் உருமாற்றுநர் எனப்பட்டார். மரீயின் முதன்மையான பணி இதுவே. தரவைப் புரிந்துகொள்ளுதல், விளங்காதவற்றை வல்லுனரிடம் கேட்டறிதல், பொதுமக்களுக்குச் சொல்லத்தக்கது எது எனத் தெரிந்தெடுத்தல், அவர்கள் ஏற்கெனவே அறிந்தவற்றோடு அதைத் தொடர்புபடுத்துதல் ஆகியவை உருமாற்றுநரின் கடமைகள். இதன் விளைவாகக் கிடைப்பது பென்சிலால் வரைந்த ஒரு பருவரைவு மட்டுமே. ஆயினும், அந்நிலையிலேயே படத்தின் பொருள் பெரும்பாலும் முடிவாகிவிடும். உருமாற்றுநர் வல்லுனருக்கோ ஓவியருக்கோ அன்றி, பொதுமக்களுக்கே பொறுப்புள்ளவர் எனக் கருதப்பட்டார்.

இப்பணியின் தன்மையை, இங்கிலாந்தில் வீட்டு நெசவும் ஆலை நெசவும் பற்றிய புகழ்பெற்ற வரைபடத்தில் காணலாம். 1820 தொடக்கம் 1880 வரையான காலம் இதில் காட்டப்பட்டுள்ளது. நீலக்குறி ஒவ்வொன்றும் 5 கோடி இறாத்தல் உற்பத்தியைக் குறிக்கும். கறுப்பு மனித உருவம் ஒவ்வொன்றும் வீட்டில் நெய்யும் 10,000 பேரையும், சிவப்பு உருவம் ஒவ்வொன்றும் ஆலையில் நெய்யும் 10,000 பேரையும் குறிக்கும். இவற்றை மூன்று தனித்தனி அட்டவணைகளாகக் கொடுத்திருந்தால் எண்கள் ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே தெரிந்திருக்கும். ஒன்றாக வைத்தபோது, கறுப்பு உருவங்கள் அருகிச் செல்வதும், சிவப்பு உருவங்கள் பெருகுவதும், உற்பத்தி பன்மடங்கு உயர்ந்தும் நெசவாளர் தொகை அதற்கேற்ப உயராததும் ஒரே பார்வையில் புலனாகின்றன. தொழிற்புரட்சி, வேலையிழப்பு போன்ற சொற்கள் எதுவும் படத்தில் இல்லை. பார்ப்பவரே அம்முடிவுக்கு வருகின்றார். தரவை மாற்றாமல் அதன் அமைப்பை மட்டும் மாற்றியதனால் கிடைத்த பயன் இது.

குறிகள்

ஆர்ன்ட்ஸ் ஏறத்தாழ 4,000 குறிகளை வடிவமைத்தார். இவற்றுட் பல, லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டவை. மெல்லிய கோடுகளுக்கு அதில் இடமில்லாததால், வடிவங்கள் நிழலுருவங்கள் போல் எளிமையாக அமைந்தன. தொலைவைக் காட்டும் இயலுறு தோற்றம் தவிர்க்கப்பட்டது. அதைப் பயன்படுத்தினால் பின்னாலுள்ள உருவம் சிறிதாகி, மேற்கூறிய அளவுக் குழப்பமே மீண்டும் ஏற்படும். குறிகளைச் சேர்த்துப் புதிய பொருளை உண்டாக்கவும் முடியும். சப்பாத்தின் குறியை ஆலையின் குறியுடன் சேர்த்தால் அது சப்பாத்து ஆலை ஆகின்றது. நிறம் அழகுக்காக அன்றி வகைப்படுத்தலுக்காகவே பயன்பட்டது. 1930ல் லைப்சிக் நகரில் வெளியான 100 வரைபடங்களைக் கொண்ட "சமூகமும் பொருளாதாரமும்" என்ற தொகுப்பு இக்காலப் பணிகளுள் முக்கியமானது.

இடப்பெயர்வு

1931 முதல் வியன்னாக் குழுவினர் மாஸ்கோவில் தொடங்கப்பட்ட இசோஸ்டாட் நிறுவனத்துக்குப் பயிற்சியளித்து வந்தனர். 1934 பெப்ரவரியில் ஆஸ்திரியாவில் மூண்ட உள்நாட்டுப் போரில் சமூக சனநாயகவாதிகள் தோற்கடிக்கப்பட்டபோது நொய்ராத் மாஸ்கோவில் இருந்தார். வியன்னாவுக்குத் திரும்ப முடியாத நிலையில் அவரும் மரீயும் ஆர்ன்ட்சும் நெதர்லாந்தின் ஹேக் நகரில் குடியேறினர். 1940 மே மாதத்தில் ஜெர்மனி நெதர்லாந்தைக் கைப்பற்றியபோது நொய்ராத்தும் மரீயும் ஒரு சிறு படகில் தப்பி இங்கிலாந்தை அடைந்தனர். அங்கே எதிரி நாட்டவராகக் கருதப்பட்டுத் தடுத்து வைக்கப்பட்டனர். 1941ல் விடுதலையான பின் திருமணம் செய்துகொண்டு, 1942ல் ஆக்ஸ்போர்டில் ஐசோடைப் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆர்ன்ட்ஸ் ஹேக்கிலேயே தங்கிவிட்டார். பால் ரோத்தா இயக்கிய விபரணத் திரைப்படங்களில் ஐசோடைப் குறிகள் அசையும் படங்களாகப் பயன்பட்டது இக்காலத்திலேயே.

1945 டிசம்பரில் நொய்ராத் காலமானார். அதன் பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நிறுவனத்தை நடத்தியவர் மரீயே. இவர் சிறுவருக்கான அறிவியல் நூல்கள் பலவற்றை உருவாக்கினார். 1950களில் நைஜீரியாவின் மேற்குப் பகுதி அரசுக்காகக் கல்வி, நலவாழ்வு, வேளாண்மை, வாக்களிப்பு ஆகியன பற்றிய வெளியீடுகளைத் தயாரித்தார். ஐரோப்பாவில் பயன்பட்ட வீடு, உடை, மனித உருவங்கள் போன்றவை அங்குள்ள மக்களுக்குப் பொருந்தாமையால் குறிகள் மாற்றி வரையப்பட்டன. எல்லா நாட்டினருக்கும் பொதுவான படமொழி என்ற தொடக்ககால நம்பிக்கை இதனால் ஓரளவு தளர்ந்தது எனலாம். ஆனால் உருமாற்றும் முறை, பார்ப்பவரிடமிருந்தே தொடங்குவதனால், அங்கும் பயன்பட்டது. 1971ல் நிறுவனத்தின் ஆவணங்கள் இங்கிலாந்திலுள்ள ரெடிங் பல்கலைக்கழகத்திற்கு வழங்கப்பட்டன.

நூல்களின் முகப்பில் நீண்டகாலம் ஒட்டோ நொய்ராத்தின் பெயரே முதன்மை பெற்றிருந்ததால், மரீயின் பங்கு போதிய கவனத்தைப் பெறவில்லை. அவர் இறந்தது 1986ல். ரொபின் கின்ரொசுடன் இணைந்து அவர் எழுதியதாக "உருமாற்றுநர்" என்ற பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல் 2009ல் வெளிவந்த பின்னரே, அவரது பணி வடிவமைப்புப் பாடங்களில் விரிவாகப் பேசப்பட்டது.

குறைபாடுகள்

தொடர்ச்சியாகச் சிறிது சிறிதாக மாறும் அளவுகளைக் காட்டுவதற்கு ஐசோடைப் ஏற்றதன்று. கோட்டு வரைபடமே அதற்குப் பொருத்தமானது. உலக மக்களை நிறத்தாலும் தலையணியாலும் வகைப்படுத்திய குறிகள் இன்று ஏற்கத்தக்கனவாகக் கருதப்படுவதில்லை. எதைக் காட்டுவது என்ற தெரிவு உருமாற்றுநரிடம் இருப்பதனால், அதனைத் தவறாகப் பயன்படுத்தவும் முடியும். சோவியத் ஒன்றியத்தில் இம்முறை ஐந்தாண்டுத் திட்டங்களின் வெற்றியைப் பரப்புவதற்குப் பயன்பட்டது. அவ்வரைபடங்களில், எட்டப்பட்ட அளவுகளுக்கு அருகில் திட்டமிட்ட அளவுகளும் குறிகளாகவே இடம்பெற்றன.

தாக்கம்

அமெரிக்காவில், வியன்னாவில் பணியாற்றிய ருடோல்ஃப் மோட்லி 1934ல் ஒரு படப்புள்ளியியல் நிறுவனத்தை அமைத்தார். 1964 ஆம் ஆண்டின் டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கான குறிகளிலும், 1974ல் ஐக்கிய அமெரிக்காவின் போக்குவரத்துத் துறைக்காக உருவாக்கப்பட்ட குறிகளிலும் ஐசோடைப்பின் தாக்கத்தைக் காணலாம். வானூர்தி நிலையங்களிலும் கழிவறைக் கதவுகளிலும் காணப்படும் மனித உருவம் இம்மரபில் வந்ததே. எனினும், இவை வழிகாட்டும் தனிக்குறிகள். குறிகளை அடுக்கி அளவுகளை ஒப்பிடும் மூல முறை, பள்ளிப் பாடநூல்களில் "படவிளக்கப்படம்" என்ற பெயரில், சிறுவர் கற்கும் முதல் வரைபட வகையாக இடம்பெறுகின்றது.