மண்ணெண்ணெய் இலக்கியம்: ‘சாக்லெட்’ கதைகளும் அவற்றின் வாசகர்களும்

ஆண் இணைகளின் காதலைச் சொல்லும் ஜப்பானியச் சித்திரக் குறுங்கதைகளை இன்று கைபேசி வழியாக எந்த ஊரிலிருந்தும் வாசிக்கலாம். அவற்றைப் பற்றி வாசகர்கள் சொல்லும் கருத்துகளை வகைப்படுத்தினால் பெரும்பாலும் மூன்றாக அடங்கிவிடும். மென்மையான காதல் கதைகள் என்று மகிழ்வோர் ஒரு சாரார். இளைஞர்களைக் கெடுக்கும் எழுத்து என்று வெகுள்வோர் மற்றொரு சாரார். இவை கற்பனை ஆண்களைப் பற்றியவை, உண்மை மனிதர்களுக்கு இவற்றில் இடமில்லை என்போர் மூன்றாம் சாரார். இம்மூன்றும் நம் நாட்டுக்குப் புதியவை என்று பலர் எண்ணக்கூடும். ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்திச் சிறுகதை உலகில் இந்த விவாதம் உக்கிரமாக நடந்து முடிந்திருக்கிறது.

1923-இல் கல்கத்தாவில் ‘மத்வாலா’ என்ற இந்தி வார இதழ் தொடங்கப்பட்டது. மகாகவி நிராலா அதில் பணியாற்றியவர். ‘நிராலா’ என்ற அவரது புனைபெயரே இதழின் பெயருக்கு எதுகையாக அமைந்தது. அவ்விதழின் எழுத்தாளர்களுள் மற்றொருவர் பாண்டேய பேசன் சர்மா. 1900-ஆம் ஆண்டு மிர்சாபூர் மாவட்டத்துச் சுனாரில் பிறந்த இவர் ‘உக்ரா’ என்ற பெயரில் எழுதினார். பெயருக்கேற்ற உக்கிரம் எழுத்திலும் இருந்தது. ஆங்கில அரசு அவரைச் சிறையில் அடைத்ததும் அவ்வெழுத்துக்காகத்தான்.

1924 மே 31 அன்று மத்வாலாவில் ‘சாக்லெட்’ என்ற அவரது சிறுகதை வெளிவந்தது. ஆண்கள்பால் மையல் கொள்ளும் ஆண்களைப் பற்றிய கதை அது. கண்டிப்பதே தம் நோக்கம் என்று உக்ரா அறிவித்துக்கொண்டார். கதைசொல்லியும் அவனுடைய நண்பனும் அறிவுரை கூறுகிறார்கள். சமூகத்தைப் பீடித்த நோய் என்கிறார்கள். ஆனால் கதைக்குள் காதல் வயப்பட்ட மனிதனோ படித்தவன், நகைச்சுவை உடையவன், உருதுக் கவிதைகளை மழையெனப் பொழிபவன். தன் பக்கத்துக்குச் சாக்ரடீசையும் ஷேக்ஸ்பியரையும் சாட்சிக்கு அழைப்பவன். ஆசிரியரின் உபதேசம் ஒரு திசையில் நடக்க, அவர் படைத்த பாத்திரம் வேறொரு திசையில் நடந்துவிட்டது.

இதழுக்குக் கடிதங்கள் குவிந்தன. ஆதரித்தும் எதிர்த்தும் எழுதினார்கள். உக்ரா ஊக்கம் பெற்று இதே பொருளில் மேலும் நான்கு கதைகளை வெளியிட்டார். பிறகு இன்னும் சில கதைகளைச் சேர்த்து, 1927-இல் ‘சாக்லெட்’ என்ற பெயரிலேயே நூலாக்கினார். முதற்பதிப்பு விரைவிலேயே தீர்ந்துபோனது. கண்டனத்தைப் பாராட்டி வாங்கியோர் இருந்தனர். கிளுகிளுப்புக்காக வாங்கியோரும் இருந்திருப்பர். இவர்களோடு மூன்றாவது வாசகக் கூட்டம் ஒன்றும் இருந்தது. ஆண்களை நேசித்த ஆண்கள், தங்களைப் போன்றவர்கள் அச்சில் தோன்றியதைக் கண்டு மகிழ்ந்தனர் என்ற செய்தி, 2009-இல் இக்கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ரூத் வனிதாவின் ஆய்வில் பதிவாகியுள்ளது. தம்மைத் திட்டும் கதையிலும் தம் முகத்தைத் தேடி எடுத்துக்கொண்ட வாசகர்கள் அவர்கள்.

1928-இல் ‘விஷால் பாரத்’ இதழின் ஆசிரியர் பனாரசிதாஸ் சதுர்வேதி இந்நூலுக்கு எதிராக இயக்கம் தொடங்கினார். இத்தகைய எழுத்துக்கு அவர் இட்ட பெயர் ‘காஸ்லேட்டி சாகித்யம்’. காஸ்லேட் என்பது வடநாட்டில் மண்ணெண்ணெய்க்கு வழங்கும் பெயர். வடசென்னையில் ‘கிருஷ்ணாயில்’ என்கிறோமே, அதுதான். நல்ல இலக்கியம் நெய் என்றால், இது நாற்றமடிக்கும் மண்ணெண்ணெய் என்பது அவரது உவமை.

இந்த உவமையை இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இருந்து படிப்பவர்க்கு வேறொரு பொருளும் தோன்றும். விளக்கெண்ணெய்க்குப் பெரும் மரியாதை உள்ள ஊர் திருவொற்றியூர். செக்குத் தொழில் செய்த கலிய நாயனார், எண்ணெய் வாங்க வழியற்ற நாளில் தம் குருதியாலேயே கோயில் விளக்கை எரிக்கத் துணிந்ததாகப் பெரியபுராணம் கூறும் தலம். அதன் அருகிலேயே தண்டையார்பேட்டையின் எண்ணெய்க் கிடங்குகளும் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தன. மண்ணெண்ணெய் நாறும், புகையும் என்பதை அறியாதவர் அங்கு யாருமில்லை. ஆனால் மின்சாரம் வராத குடிசைகளில் பிள்ளைகள் பாடம் படித்தது சிம்னி விளக்கின் வெளிச்சத்தில்தான். நெய்விளக்கு ஏற்ற இயலாதோர்க்கும் வெளிச்சம் தேவைப்படுகிறது. ‘சாக்லெட்’ நூலின் அந்த மூன்றாவது கூட்டத்து வாசகர்களுக்கு நெய் ஊற்றி எழுதிய இலக்கியம் எதுவும் அப்போது இருக்கவில்லை.

இயக்கம் வலுப்பெற்றபோது சதுர்வேதி காந்தியடிகளின் துணையை நாடி நூலை அவருக்கு அனுப்பினார். காந்தியடிகள் நூலைப் படித்துவிட்டு, தம் மனத்தில் சதுர்வேதி அஞ்சிய விளைவு ஏற்படவில்லை என்றும், ஆசிரியரின் நோக்கம் தூயது என்றே கருதுவதாகவும் பதில் எழுதினார். இவ்வுறவுகளை அவர் ஏற்றார் என்பது இதன் பொருளன்று. ஆசிரியர் வெறுப்பைத்தான் உண்டாக்கியிருக்கிறார் என்று கருதியதாலேயே அவ்வாறு எழுதினார். எனினும் அக்கடிதம் அப்போது வெளிவரவில்லை. 1951-இல்தான், காந்தியடிகள் மறைந்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், சதுர்வேதி அதை வெளியிட்டார். 1953-இல் உக்ரா தம் நூலை மீண்டும் பதிப்பித்தார். ஒரு வாசகரின் கருத்து, இயக்கத்துக்கு உதவாது என்பதனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெட்டியில் கிடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இவ்விவாதத்தில் ஒரு பெருங்குறை உண்டு. சிறுவர்களைத் தம் இச்சைக்குப் பயன்படுத்தும் கொடுமையையும், வளர்ந்த இருவர் மனமொப்பிக் கொள்ளும் காதலையும் உக்ரா ஒரே சொல்லில் அடைத்தார். எதிர்த்தவர்களும் பிரித்துப் பார்க்கவில்லை. முன்னது குற்றம், அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. பின்னதை அதனோடு சேர்த்துக் கட்டியதால் பாதிக்கப்பட்ட சிறுவனுக்கும் நியாயம் கிடைக்கவில்லை, நேசித்த ஆணுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. சட்டம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வெகுகாலம் ஆயிற்று. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் தனிச்சட்டம் 2012-இல் வந்தது. வயதுவந்தோர் மனமொப்பிய உறவு குற்றமன்று என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பு 2018 செப்டம்பர் 6 அன்று வந்தது.

இனி ஜப்பானுக்கு வருவோம். அங்கு 1970-களில் பெண் ஓவியர்கள் இவ்வகைச் சித்திரக்கதைகளை வளர்த்தெடுத்தனர். ஹாகியோ மோடோவின் ‘தோமாவின் இதயம்’ 1974-இல் வெளிவரத் தொடங்கியது. 1978-இல் ‘ஜூன்’ என்ற தனி இதழே தோன்றியது. ஆர்வலர்கள் தாமே அச்சிட்டுக்கொண்ட குறுங்கதைகளுக்கு ‘யாஓய்’ என்று தம்மைத் தாமே பகடி செய்யும் பெயரும் உண்டாயிற்று. ‘உச்சமில்லை, முடிவில்லை, பொருளில்லை’ என்பதன் சுருக்கம் அது. வரைந்தோரும் வாசித்தோரும் பெரும்பாலும் பெண்களே.

1992-இல் சாதோ மசாகி என்ற தன்பால் விருப்பமுடைய ஆண், பெண்ணிய இதழொன்றில் கடுமையான கட்டுரை எழுதினார். தம் போன்றோரை அழகுப் பதுமைகளாக்கி வேடிக்கை பார்க்கிறார்கள், உண்மை வாழ்க்கையின் துயரைப் பற்றி அக்கறையில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. பெண் வாசகர்கள் பதில் எழுதினார்கள். பெண் என்றால் இப்படித்தான் என்று விதிக்கப்பட்ட வேடங்களிலிருந்து விலகிக் காதலை எண்ணிப் பார்க்க இக்கதைகள் இடம் தந்தன என்றனர் சிலர். அவர் சொல்வதில் நியாயம் உண்டு என்றனர் வேறு சிலர். அவ்விவாதம் சில ஆண்டுகள் நீடித்தது.

கல்கத்தா விவாதத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். 1920-களில் ஆசிரியரும் இதழாசிரியரும் தலைவரும் பேசினார்கள். கதை யாரைப் பற்றியதோ அவர்கள் பேசவில்லை. மகிழ்ந்தார்கள் என்ற செய்தி மட்டுமே நமக்குக் கிடைக்கிறது, அதுவும் பிறர் வாயிலாக. 1992-இல் அவர்களில் ஒருவர் தம் பெயரிட்டு எழுதினார், எதிர்ப்பாளராகவே எழுதினார். அதன் பின்னர்தான் விவாதம் விவாதமாயிற்று.

தமிழிலும் ஒரு சான்று உண்டு. கு.ப.ரா.வின் ‘கரிச்சான்’ என்ற புனைபெயரின்பால் கொண்ட பற்றால் தம்மைக் கரிச்சான் குஞ்சு என்று அழைத்துக்கொண்ட ஆர். நாராயணசாமி, 1978-இல் ‘பசித்த மானிடம்’ நாவலை வெளியிட்டார். கணேசன் என்ற பாத்திரம் இளமையில் ஆண்களின் இச்சைக்கு ஆட்பட்டதை மறைக்காமல் எழுதினார். உக்ராவின் கதைகளில் ஓயாது ஒலிக்கும் உபதேசக் குரலை இங்கு கேட்க முடியாது. சிறுவன் சுரண்டப்படுவதும், மனிதன் அன்புக்கு ஏங்குவதும் வேறுவேறு பசிகளாகவே அந்நாவலில் நிற்கின்றன.

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இக்கதை நமக்குச் சொல்வது எளிய செய்திதான். எழுதியவர் என்ன எண்ணி எழுதினார் என்பது வாசகரைக் கட்டுப்படுத்துவதில்லை. கண்டிக்க எழுதிய நூல் யாருக்கோ ஆறுதலாயிற்று. கொண்டாட எழுதிய சித்திரக்கதை யாருக்கோ காயமாயிற்று. ஆகவே இத்தகைய கதைகளை மண்ணெண்ணெய் என்றோ நெய் என்றோ பெயரிடுமுன், இரண்டு காரியங்களைச் செய்வது நலம். முதலாவது, காந்தியடிகளைப் போல நூலைத் தாமே படித்துப் பார்ப்பது. இரண்டாவது, கதை யாரைப் பற்றியதோ அவரிடம் கேட்பது. இந்தி வாசகர்கள் அன்று இரண்டாவதைச் செய்யவில்லை. நாம் செய்வோமா என்பதை நண்பர்கள்தாம் சொல்ல வேண்டும்.