ஓடும் வீட்டில் ஓடும் தண்ணீர்

1980-களில் செய்த அமெரிக்க டிராவல் டிரெய்லரை விலைக்குப் பார்க்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர் மெத்தையைத் தட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்க மாட்டார். நேரே போய்ச் சமையல் மேடையின் அடிக்கதவைத் திறப்பார். டார்ச்சை அடித்து, உள்ளே ஓடும் குழாய் என்ன நிறம் என்று பார்ப்பார். சாம்பல் நிறமாக இருந்து, அதன்மேல் ‘பி.பி. 2110’ என்று அச்சடித்திருந்தால், பேசிய விலையை அந்த இடத்திலேயே குறைத்துக் கேட்பார்.

விரல் தடிமனே உள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்க்கு ஏன் இந்தக் கெட்ட பெயர்? அதைச் சொல்ல, அந்தக் குழாய் வருவதற்கு முன்னால் ஓடும் வீடுகளில் தண்ணீர் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ‘கேரவன்’ என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் என்பது சாதாரணக் குடும்பங்கள் காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகும் சின்ன வீடு. கட்டில், அடுப்பு, சிங்க், கழிப்பறை எல்லாம் அதற்குள் அடக்கம். உல்லாசப் பயணத்துக்கென்றே இப்படி ஒரு வண்டி வீட்டைக் கட்டிக்கொண்ட முன்னோடிகளில் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். 1885-ல் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டியை அவர் செய்வித்தார். எடை சுமார் இரண்டு டன். கார் வந்த பிறகு இந்த ஆசை அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. 1919-ல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கம் கூடியது. காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வதுதான் அதன் உறுப்பினர்களுக்கு அடையாளம்.

அந்தக் காலத்து டிரெய்லர்களில் குழாய் வேலை என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. சின்னத் தொட்டி, சிங்கின் ஓரத்தில் ஒரு கைப்பம்பு, அவ்வளவே. குளிப்பதற்கு முகாமின் பொதுக் குளியலறைக்குப் போக வேண்டும். வாலி பையம் 1936-ல் வெளியிட்ட ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ நாலு பேர் படுக்கும் அலுமினிய வண்டி. அதன் விலை 1,200 டாலர். தண்ணீரைத் தானே சுமந்து வருவது அதன் பெருமைகளில் ஒன்றாகப் பேசப்பட்டது. தண்ணீரைச் சுமப்பது லேசான காரியமல்ல. 40 கேலன், அதாவது சுமார் 150 லிட்டர் நிரப்பினால் வண்டி 150 கிலோ கூடுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வண்டிக்குள்ளேயே குளியலறை வந்தது. குளியலறை வந்தால் அழுத்தம் வேண்டும். சில வண்டிகளில் தண்ணீர்த் தொட்டிக்கே டயரில் இருப்பது போன்ற வால்வு பொருத்தி, பெட்ரோல் பங்கில் காற்றடித்துக்கொண்டார்கள். பிறகு பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பம்ப் வந்தது. குழாயைத் திறந்தால் பம்ப் உறுமும். மூடினால் அழுத்தம் ஏறித் தானே நிற்கும். டிரெய்லர் முகாமுக்குள் போய் நின்றதும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் ஹோஸ் போன்ற ஒன்றால் ஊர்த் தண்ணீரை நேரே வண்டிக்குள் விடுவதும் வழக்கமானது. அந்த அழுத்தம் ஊருக்கு ஊர் வேறுபடும். அதனால் ஹோஸின் தலையிலேயே ஒரு ரெகுலேட்டரைத் திருகி, 40 முதல் 50 பி.எஸ்.ஐ.க்குள் அடக்கிவைக்கப் பழகினார்கள்.

உள்ளே ஓடியது பெரும்பாலும் செம்புக் குழாய். செம்பு நல்ல உலோகம்தான், ஆனால் நிற்கும் வீட்டுக்கு நல்லது. நெடுஞ்சாலையில் ஓடும் டிரெய்லர் என்பது மணிக்கணக்கில் நிலநடுக்கத்தில் இருக்கும் வீடு. ஒவ்வொரு பள்ளத்திலும் குழாய் அசையும். அசைகிற இடமெல்லாம் ஈயப்பற்று வைத்த மூட்டில்தான் வந்து முட்டும். பனிக்காலம் இன்னும் கொடியது. தண்ணீரை முழுக்க வடிக்காமல் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டால், உறைந்த நீர் விரிந்து செம்பைப் பிளந்துவிடும். வசந்தத்தில் ஹோஸை மாட்டும்போதுதான் தெரியும். சுவருக்குள்ளிருந்து தண்ணீர் பீச்சும்.

இந்த நேரத்தில்தான் சாம்பல் குழாய் வந்தது.

வேர் ஐரோப்பிய வேதியியலில் இருக்கிறது. 1933 மார்ச் 27-ல் இங்கிலாந்தின் வின்னிங்டனில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்ட் கிப்சனும் வேறு எதற்கோ செய்த உயர் அழுத்தச் சோதனையின் முடிவில், கலத்துக்குள் மெழுகு போன்ற ஒரு வெள்ளைப் பொருள் படிந்திருந்தது. அதுதான் பாலிஎத்திலீன். 1950-களில் ஜெர்மனியின் சீக்லரும் இத்தாலியின் நாட்டாவும் இந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக்குகளைக் குறைந்த அழுத்தத்தில், ஒழுங்கான அமைப்போடு செய்யும் வழியைக் கண்டார்கள். சாம்பல் குழாயின் பொருளான பாலிபியூட்டிலீன் அந்த வழியில் பிறந்தது. அமெரிக்காவில் அதற்கான மூலப்பொருளை ஷெல் தயாரித்தது. 1978-ஐ ஒட்டி அது வீடுகளுக்குள் நுழைந்தது.

டிரெய்லர் தொழிலின் தலைநகரமான இண்டியானாவின் எல்கார்ட் போன்ற இடங்களில் அதை வரவேற்றதில் வியப்பில்லை. சுருளாக வரும். பம்பிலிருந்து ஷவர்வரை ஒரே நீளமாக இழுத்து வளைத்துவிடலாம், வளைவுக்கு வளைவு எல்போ தேவையில்லை. நெருப்பு வேண்டாம், ஈயம் வேண்டாம். பலகைச் சுவர்களுக்கு நடுவே தீச்சுடரோடு வேலை செய்யும் பயமும் இல்லை. உறைந்தாலும் குழாய் கொஞ்சம் உப்பிக்கொடுத்துத் தாங்கும். செம்பைவிட மலிவு. இத்தனை நன்மைகளும் உண்மையானவை. அந்தக் குழாயைத் தேர்ந்தெடுத்த தொழிலாளியையோ வண்டி வாங்கிய குடும்பத்தையோ குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை மூட்டில் இருந்தது. குழாய்க்குள் செருகும் டீ, எல்போ, கப்லிங் ஆகியவற்றை அசிட்டால் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்திருந்தார்கள். அதைச் செருகி, வெளியே ஓர் உலோக வளையத்தை இடுக்கியால் நெரித்தால் மூட்டு முடிந்தது. ஐந்து நிமிட வேலை. ஆனால் குழாயில் ஓடியது வெறும் தண்ணீரல்ல, குளோரின் கலந்த தண்ணீர். 1908-ல் நியூ ஜெர்சியின் பூண்டன் நீர்த்தேக்கத்தில், ஜெர்சி சிட்டிக்குப் போகும் தண்ணீரில் ஜான் லீல் தொடர்ச்சியாகக் குளோரின் சேர்க்கத் தொடங்கினார். அமெரிக்க நகரங்கள் டைஃபாய்டிலிருந்து தப்பிய கதையில் அது பெரிய நாள். அதே குளோரின் அசிட்டால் மூட்டுகளை உள்ளிருந்து மெல்ல மெல்ல அரித்து நொறுங்கவைத்தது. பாலிபியூட்டிலீனின் உட்புறத்தையும் செதில் செதிலாக வெடிக்கவைத்தது. வெளியே தொட்டுப் பார்த்தால் குழாய் புதிது போலவே இருக்கும். டிரெய்லர்காரர்களோ தொட்டியைச் சுத்தப்படுத்த, சுமார் 57 லிட்டருக்குக் கால் கப் என்ற கணக்கில் பிளீச்சிங் திரவத்தையும் ஊற்றிக் குழாய் முழுக்க ஓடவிடும் பழக்கம் உள்ளவர்கள்.

ஒட்டுப்பலகையும் நுரையும் சேர்த்துச் செய்த சுவருக்குள் ஒரு மூட்டு கசிந்தால் அது உடனே வெளியே தெரியாது. தரைப்பலகை ஊறி மெத்தென்று ஆகும். அலமாரிக்குள் பூஞ்சை வாடை வரும். கால் உள்ளே இறங்கும் அன்றைக்குத்தான் விஷயம் புரியும். நிற்கும் வீடுகளிலும் இதே கதை நடந்தது. பல லட்சம் வீடுகளில், முக்கியமாக வசதி குறைந்தவர்கள் வாழ்ந்த மொபைல் ஹோம்களில், கூரையிலும் தரையிலும் தண்ணீர் இறங்கியது. வழக்குகள் குவிந்தன. டென்னசி மாநிலத்தின் ஒபியன் கவுண்டி நீதிமன்றத்தில் ‘காக்ஸ் எதிர் ஷெல்’ வழக்கு 1995-ல் சமரசத்தில் முடிந்தது. மூலப்பொருள் தயாரித்த ஷெல்லும் ஹோக்ஸ்ட் செலனீஸும் 95 கோடி டாலர் நிதிக்கு ஒப்புக்கொண்டன. சாம்பல் குழாயின் காலம் அத்தோடு முடிந்தது.

அதற்கு மாற்றாக வந்தது ஏற்கெனவே ஐரோப்பாவில் முதிர்ந்திருந்தது. சாதாரணப் பாலிஎத்திலீனில் மூலக்கூறு இழைகள் இடியாப்பம் போலக் கிடக்கும். சூடேறினால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அதனால் வெந்நீருக்கு உதவாது. இழைகளுக்கு நடுவே குறுக்கு முடிச்சுகள் போட்டுவிட்டால் அது மீன்வலை மாதிரி ஆகிவிடும். வளையும், ஆனால் கலையாது. பெராக்சைடைக் கொண்டு அந்த முடிச்சைப் போடும் முறையை ஜெர்மானியரான தாமஸ் எங்கல் 1968-ல் கண்டார். 1972-ல் அதைக் குழாயாக உற்பத்தி செய்யத் தொடங்கியது ஸ்வீடனின் விர்ஸ்போ. 1620-ல் இரும்பு ஆலையாகத் தொடங்கிய நிறுவனம் அது! ‘பெக்ஸ்’ என்று இன்று எல்லோரும் அழைக்கும் இந்தக் குழாய் 1980-களில் தரைக்கடியில் வெந்நீர் ஓட்டி வீட்டைச் சூடாக்கும் வேலைக்காக அமெரிக்காவுக்குள் வந்தது. பாலிபியூட்டிலீன் விழுந்ததும் குடிநீருக்கும் அதுவே பெருவழக்கானது. வெந்நீருக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம் என்று டிரெய்லரின் வயிற்றுக்குள் நிறம் வந்தது.

மூட்டு விஷயத்தில் இந்த முறை பாடம் கற்றிருந்தார்கள். பித்தளை மூட்டும் செம்பு வளையமும் வந்தன. வளையத்தை நெரித்த பிறகு, சரியாக நெரித்தோமா என்று பார்க்க ஒரு சின்னத் தகட்டு அளவி. அதன் ஒரு வாய் வளையத்தின்மேல் நுழைய வேண்டும், மறு வாய் நுழையக் கூடாது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத அந்த ஆம், இல்லை என்ற பதில், இந்தத் தொழிலில் வந்த பெரிய முன்னேற்றங்களில் ஒன்று. டிரெய்லருக்குள் இடுக்கியின் நீண்ட கைப்பிடிகள் விரிய இடம் கிடைப்பதில்லை. அங்கே, குழாயை உள்ளே தள்ளினாலே கவ்விக்கொள்ளும் மூட்டு கைகொடுத்தது. உள்ளே துருப்பிடிக்காத எஃகுப் பற்களும் ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். பிரிட்டனில் ஜான் கெஸ்ட் நிறுவனம் இந்த வகையை முன்பே பரப்பியிருந்தது. அமெரிக்காவில் 2004-ல் ‘ஷார்க்பைட்’ என்ற பெயரில் வந்தது வீட்டுக்கு வீடு புழங்கும் சொல்லாகிவிட்டது.

இங்கே புதிதாக வேலையில் இறங்குகிறவர் தவறாமல் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: அரை இஞ்ச். அமெரிக்கக் கடையில் ‘அரை இஞ்ச்’ பெக்ஸ் வாங்கி அளந்தால், வெளிவிட்டம் 0.625 இஞ்ச். உள்விட்டம் ஏறக்குறைய 0.485. அரை என்று எந்தப் பக்கமும் சரியாக வராது. அது செம்புக் குழாயிடமிருந்து வாங்கிய பெயர். அரை இஞ்ச் செம்பும் வெளியே 0.625, சாம்பல் குழாயும் வெளியே 0.625. சிங்க் குழாயின் அடியில் இருக்கும் ‘அரை இஞ்ச்’ மரையோ 0.84 இஞ்ச் அகலம். அது ராபர்ட் பிரிக்ஸ் வகுத்து, 1886-ல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட அளவுமுறை. இஞ்சுக்கு 14 மரை, மரையின் கோணம் 60 டிகிரி. நம் ஊர் பிளம்பர்கள் புழங்கும் பிரிட்டிஷ் முறையிலும் அரை இஞ்சுக்கு 14 மரைதான், ஆனால் கோணம் 55. ஒன்றில் இன்னொன்றைத் திருகினால் இரண்டு சுற்று இதமாகப் போகும். பிறகு கசியும்.

செம்பு, பாலிபியூட்டிலீன், பெக்ஸ் ஆகிய மூன்றும் வெளியே ஒரே அளவு என்பது தற்செயலல்ல. முன்னதன் சந்தையில் நுழைய, பின்னது அதன் சட்டையைப் போட்டுக்கொண்டது. அதனால்தான் 1985-ல் செய்த டிரெய்லரை இன்றும் உயிர்ப்பிக்க முடிகிறது. உட்புறத்தில்தான் வித்தியாசம். பெக்ஸின் சுவர் தடிமன் அதிகம், அதனால் துளை சிறிது. சாம்பல் குழாய்க்கென்று வார்த்த மூட்டு பெக்ஸுக்குள் நுழையாது. பெக்ஸுக்கான மூட்டு சாம்பல் குழாய்க்குள் தளர்ந்து ஆடும். இரண்டையும் இணைக்க, ஒரு முனை ஒன்றுக்கும் மறு முனை மற்றதற்கும் என்று செய்த தனிப் பித்தளைக் கப்லிங் உண்டு. அதைக் கேட்டு வாங்காமல், இருப்பதை வைத்து நெரித்துவிட்டுப் போனவர்களால் நனைந்த தரைகள் ஏராளம்.

கடைசி முனை சிங்க் குழாய். வீட்டுப் பழக்கத்தில் வந்தவர் இங்கே டெஃப்லான் டேப்பைச் சுற்றி, பெரிய ஸ்பேனரைப் போட்டு இறுக்குவார். டிரெய்லர் குழாய்களின் அடிப்பாகம் பெரும்பாலும் பிளாஸ்டிக், அது விரிசல் விட்டுவிடும். அங்கே தண்ணீரைத் தடுப்பது மரையல்ல, சுழலும் நட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கூம்பு வடிவ ரப்பர் வாஷர். கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று கொடுத்தால் போதும். டேப்புக்கு அங்கே வேலையில்லை.

பிறகு பம்பைப் போடுவார்கள். குழாய்களில் காற்று இருமி இருமி வெளியேறி, தண்ணீர் சீராக விழத் தொடங்கும். எல்லாக் குழாயையும் மூடினால் பம்ப் சில நொடிகள் ஓடி நின்றுவிடும். மூட்டு ஒவ்வொன்றின்மேலும் காய்ந்த காகிதத்தை வைத்துத் துடைத்துப் பார்ப்பது அடுத்த வேலை. காகிதம் நனையவில்லை என்றாலும், அனுபவசாலிகள் அன்றிரவு அந்த வண்டிக்குள்ளேயே படுப்பார்கள், பம்பின் ஸ்விட்சை அணைக்காமல். யாரும் எதையும் திறக்காத நடு இரவில் அது ஒரு நொடி உறுமி அடங்கினால், டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி அடிக்கதவைத் திறக்க வேண்டியதுதான்.