ஆனந்தபைரவி எண்ணூருக்குப் போன கதை

தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களில் ராஜராஜ சோழன் வெட்டிவைத்த கல்வெட்டுகளில் நிலக் கணக்குக்குப் பெரிய இடம் உண்டு. கோயிலுக்கு விடப்பட்ட ஒவ்வோர் ஊரும் வேலி, மா, காணி என்று அளக்கப்பட்டது. அதற்கும் கீழான பின்னங்கள்கூட விட்டுப்போகவில்லை. அளந்த கையோடு ஒரு கழிவும் போடப்பட்டது. ஊர்நத்தம், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சேரி, சுடுகாடு ஆகியவற்றுக்கு இறை கிடையாது. நெல்லுக்கு வரி கேட்ட அரசு, அந்த நெல்லுக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்காலிடம் எதுவும் கேட்கவில்லை. இப்படி யாருக்கும் தனிச் சொத்தாகாமல் ஊருக்கே விடப்பட்ட நிலத்துக்குப் பின்னாளில் வருவாய்க் கணக்கில் ஒரு பெயர் நிலைத்தது. அந்தப் பெயர் ஒருநாள் தெருச்சண்டையில் வசவாகும் என்று எந்தக் கணக்கரும் நினைத்திருக்க மாட்டார்.

அதே காவிரிப் படுகையில்தான் இன்னொரு சொத்தும் விளைந்தது. சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் மூவருமே திருவாரூரில் பிறந்தவர்கள். அவர்களின் கீர்த்தனைகள் தஞ்சை, திருவையாறு, கும்பகோணம் என்று சுற்றி, வித்வான்களோடு ரயிலேறிச் சென்னைக்குப் போயின. அங்கே மார்கழி சீசன் வந்தது, சபாக்கள் வந்தன. ஊர்ப்பொது நிலமும் கச்சேரி சங்கீதமும் ஒரே மண்ணில் வளர்ந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. அவை சந்திக்க ஒரு பாதரச ஆலை, ஒரு வெள்ளம், ஒரு சாம்பல் மேடு மூன்றும் தேவைப்பட்டன.

முதலில் ஆலை. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்து கொடைக்கானலுக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமானது. 2001-ல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது வெளியே தெரிந்ததும் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்களோ நிவாரணத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். மனு, வழக்கு, ஆர்ப்பாட்டம் எல்லாம் நடந்தன. விடாமல் எழுதியவர்களில் நித்யானந்த் ஜெயராமன் ஒருவர். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

2015 ஜூலை இறுதியில் ஒரு காணொளி வந்தது. நிக்கி மினாஜின் பிரபலமான பாட்டொன்றின் மெட்டில் சோபியா அஷ்ரஃப் கொடைக்கானலுக்காக ராப் பாடினார். இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். சில வாரங்களிலேயே பல லட்சம் பேர் பார்த்தார்கள். நிக்கி மினாஜே அதைப் பகிர்ந்தார். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. நீண்ட காலப் போராட்டம்தான் வென்றது என்றாலும், கடைசித் தள்ளு தள்ளியது ஒரு பாட்டு. அதை இன்னொரு முறை செய்ய முடியுமா?

அதற்குள் வெள்ளம் முந்திக்கொண்டது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரியும் சதுப்பும் இருந்த இடமெல்லாம் வீடும் கடையும் ஆகிவிட்டதால், தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வீடுகளுக்குள் புகுந்தது. சென்னையின் வடக்கே எண்ணூரில் நிலைமை இன்னும் மோசம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழிமுகத்தில், வடசென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் படிந்து, இறால் விளைந்த நீர் தூர்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் துறைமுகமும் ஆலைகளும். எண்ணூருக்கும் ஒரு பாட்டு வேண்டியிருந்தது. பாடுவது யார்?

இன்னொரு ராப் என்றால் வேலை சுலபம். வந்தவரோ டி.எம். கிருஷ்ணா. மேடைக்கச்சேரியின் உச்சியில் இருந்தவர், 2015-ல் டிசம்பர் சீசனே வேண்டாம் என்று விலகினார். அதே ஆண்டு ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களோடு சேர்ந்து தொடங்கிய கலை விழாவில் நித்யானந்தும் அவரோடு நின்றார். 2016-ல் மகசேசே விருது வந்தது. குரல் கிடைத்துவிட்டது. சிக்கல் சாகித்தியத்தில் இருந்தது.

சபாக்களில் ஒலித்தவை பெரும்பாலும் தெலுங்கும் சமஸ்கிருதமும். தமிழ் என்றால் செந்தமிழ். இந்தப் பாட்டை எழுதிய கபேர் வாசுகி சினிமாவுக்கு வெளியே தானே எழுதிப் பாடும் கலைஞர். அவர் கொண்டுவந்தது மெட்ராஸ் வீதியில் பேசும் தமிழ். போதாததற்கு, நடுநாயகமாக அந்த வசவுச் சொல்லையே உட்கார வைத்தார். ராகம் அதைத் தாங்குமா?

தாங்கியது. பாட்டு ராகமாலிகையாக அமைந்து, ஆனந்தபைரவியில் தொடங்கி, பேகடா வழியாகப் போய், சிந்துபைரவியில் முடிந்தது. இந்தத் தொடக்கத்தைத்தான் பெரிய துணிச்சலாகச் சொல்ல வேண்டும். ஆனந்தபைரவி சியாமா சாஸ்திரி அம்பாளிடம் உருகிய ராகம், தாலாட்டிலும் ஊஞ்சல் பாட்டிலும் ஊறிய ராகம். தாய் பிள்ளையை அழைக்கும் அந்தக் குழைவில், ஊரே ஏச்சாக வீசிய ஒரு சொல் உட்கார்ந்ததும் அதிலிருந்த அழுக்கு கழன்றது. கேலிக்காக வேறு ராகம் எடுத்திருந்தால் பாட்டு வெறும் நையாண்டியாகியிருக்கும்.

படப்பிடிப்பு எண்ணூரிலேயே நடந்தது. இயக்கம் மறுபடியும் ரதீந்திரன் பிரசாத். சபா மேடையின் திரைச்சீலை இருக்க வேண்டிய இடத்தில் புகைபோக்கிகள் நின்றன. கிருஷ்ணாவின் முகத்தில் மாசுக்கவசம் ஏறியது. மூச்சை நம்பிப் பிழைக்கும் ஒரு பாடகர் மூக்கை மூடிக்கொண்டு நின்ற அந்தக் காட்சியே பாதிச் சேதியைச் சொல்லிவிட்டது. 2017 ஜனவரி 14, பொங்கலன்று இணையத்தில் ஏறிய அந்தப் பாட்டுதான் ‘சென்னை புறம்போக்குப் பாடல்’.

மூன்றே நாளில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் வெடித்தது. தமிழ்நாடே கடற்கரைப் பக்கம் திரும்பியபோது, ஒரு கழிமுகத்தைப் பற்றிய கச்சேரிப் பாட்டு காணாமல் போயிருக்கலாம். ஆனால் ஜனவரி 28 விடியலுக்கு முன் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கடலில் பரவிக் கரையெங்கும் கறுப்பாக ஒதுங்கியது. தொண்டர்களும் மாணவர்களும் அதை வாளியால் அள்ளியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பாட்டு சுட்டிக்காட்டிய எண்ணூர் இரண்டு வாரத்தில் தலைப்புச் செய்தியானது.

அதே ஆண்டு அக்டோபரில் கமல்ஹாசன் விடியற்காலையில் கழிமுகத்துக்கு வந்து சாம்பலைப் பார்த்துப் போனார். புறம்போக்கு என்பது ஊரின் பொதுச் சொத்து என்ற வாதம் கட்டுரைகளிலும் கூட்டங்களிலும் தொடர்ந்தது. கழிமுகத்தின் பாடு மட்டும் தீரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. எண்ணூர் மீனவர்கள் இன்னொரு முறை அதைக் கையால் அள்ளினார்கள்.