மாயூரம் முன்சீப்பும் என் தாத்தாவின் தீர்ப்பு நகலும்

சாகுபுரத்திலிருந்து உங்கள் வரலாற்று டீச்சர் எழுதுகிறேன்.

போன வாரம், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், சிவில் நீதிபதி தேர்வில் பாஸாகிவிட்டேன். பயிற்சி முடிந்ததும் ஏதாவது ஒரு முன்சீப் கோர்ட்டில் போடுவார்கள். எனக்கு ஏதாவது சொல்லுங்கள்" என்றாள். எனக்குச் சட்டம் தெரியாது, வரலாறுதான் தெரியும். அதனால் பழைய முன்சீப் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவளுக்காக எழுதினாலும் எல்லோரும் படிக்கலாம்.

நம் தூத்துக்குடிப் பக்கத்தில் பழைய நீதிபதி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பின்ஹே துரைதான். 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் வ.உ.சி.க்கு இருபதும் இருபதுமாக 40 ஆண்டு தண்டனை விதித்தவர். பிறகு மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. நான் சொல்லப்போகிறவர் அவருக்கு அரை நூற்றாண்டு முந்தியவர். பெயர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் யார் என்று ஒரு மார்க் கேள்வி கேட்பேனே, அவரேதான். ஆனால் அவர் பார்த்த வேலை கோர்ட்டு வேலை.

1826 அக்டோபர் 11-ல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்தார். திருச்சி கோர்ட்டில் ஆவணங்களைக் காக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு மொழிபெயர்ப்பாளர் ஆனார். அந்த வேலையை நினைத்துப் பாருங்கள். கூண்டில் நிற்பவருக்குத் தமிழ்தான் தெரியும். மேலே இருக்கும் துரைக்கோ ஆங்கிலம். ஒருவர் பேச்சை மற்றவருக்குப் புரியவைப்பதே இவர் பிழைப்பு. புரியாமல் நிற்பவரின் முகத்தைத் தினமும் கிட்டத்தில் பார்த்திருப்பார். பின்னால் அவர் செய்த காரியங்களுக்கு விதை அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த 1857-ல் இவர் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார. டேனிஷ்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் 1845-ல் விலைக்கு வாங்கிய கடற்கரை ஊர் அது. பிறகு சீர்காழி, அதன்பின் மாயூரம். மாயூரத்தில்தான் அதிக ஆண்டுகள் இருந்தார். ஊர்ப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

முன்சீப் கோர்ட் என்பது சிவில் வழக்கில் கடைசிப் படி. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கடன் பத்திரம் எல்லாம் முதலில் வந்து நிற்கும் இடம். மேல் கோர்ட்டுக்குப் போக வசதி இல்லாதவனுக்கு அதுவே கடைசிக் கோர்ட்டும்கூட. அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அவர் ஒரு பெரிய வேலை செய்தார். சென்னையில் இருந்த சதர் கோர்ட் 1805 முதல் 1861 வரை வழங்கிய தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் தந்தார். 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862-ல் அது புத்தகமாக வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கிய ஆண்டும் அதுதான். ஐம்பது வருடத்துத் தீர்ப்புகள், ஆங்கிலம் தெரியாதவரும் படிக்கும்படி முதல்முறையாகத் தமிழுக்கு வந்தன.

1872-ல் ஓய்வு பெற்றார். 1879-ல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. கதைக்கு நடுவிலும் கோர்ட்டை அவர் விடவில்லை. தமிழ் மட்டுமே தெரிந்த கட்சிக்காரருக்காகத் தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதை நன்றாகக் கேலி செய்திருக்கிறார். அதற்கு முன்னே 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசித்து வந்தவர்களுக்குத் தன் கைப்பொருளைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதற்காக அவரைப் புகழ்ந்து பாடினார். 1889 ஜூலை 21-ல் காலமானார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று இளையவர்கள் கேட்கலாம். என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

என் தாத்தாவுக்கு ஒரு பனைவிளை இருந்தது. அதன் எல்லை விஷயமாகப் பல வருடம் வாய்தா வாய்தாவாக அலைந்தார். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது தீர்ப்பு வந்தது. எல்லாம் ஆங்கிலம். தாத்தா கைகட்டி நின்று கேட்டார். ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்ததும் வக்கீல், "ஜெயிச்சாச்சு அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். தீர்ப்பின் நகலை மஞ்சள் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

நான் பி.யு.சி. படிக்கும்போது ஒருநாள் அதை எடுத்துக் கொடுத்து, "படிச்சு சொல்லு தாயி" என்றார். அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகச் சொன்னேன். நடுவில் ஓரிடத்தில், இவர் படிக்காதவர், ஆனால் இவர் சாட்சியத்தில் பொய் இல்லை, அதை நம்புகிறேன் என்று நீதிபதி எழுதியிருந்தார். தாத்தா, "அதை இன்னொரு தடவை வாசி" என்றார். வாசித்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எதிர்க்கட்சி வக்கீல் என்னைப் பொய்யன்னு சொன்னது மட்டும்தான் தமிழில் கேட்டுச்சு" என்றார்.

ஐயா என்று ஒரு நீதிபதி அவரை மதித்து எழுதியது, அவருக்குத் தெரிய ஆறு வருடம் ஆனது.

பிறகு 1976-ல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, கீழ்க் கோர்ட்டுகளிலும் தமிழுக்கு இடம் கொடுத்தார்கள். வேதநாயகம் பிள்ளை நாவலில் கேலி செய்து ஏறக்குறைய நூறு வருடம் கழித்து! சட்டம் இடம் கொடுத்துவிட்டது. மீதி, நாற்காலியில் இருப்பவர் கையில்.

அதனால் என் பிள்ளையே, நீ எந்த ஊருக்குப் போனாலும் சரி, நீ எழுதும் தீர்ப்பு உன் எதிரே கைகட்டி நிற்பவருக்கு அன்றைக்கே புரிய வேண்டும். ஜெயித்தவருக்கு மட்டுமல்ல, தோற்றவருக்கும் ஏன் தோற்றோம் என்று தெரிய வேண்டும். வேறொன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய தீர்ப்பு நகல் கிடந்தால் எடுத்துப் படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.