டாக்காவும் யாழ்ப்பாணமும்: யாரைக் கேட்டுப் போனோம்?

டாக்கா ரேஸ்கோர்ஸ் திடலில் 1971 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். திருப்பூரில் இன்று பங்களாதேஷ் என்றால், பனியன் ஆர்டரைக் குறைந்த விலைக்குத் தட்டிக்கொண்டு போகும் போட்டி நாடு. அந்த நாடு பிறக்க இந்தியப் படை உள்ளே போனது சட்டப்படி சரிதானா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை. அன்றைய உலகம் சரியென்று சொல்லவில்லை. டிசம்பர் 7-ல் ஐ.நா. பொதுச்சபையில் 104 நாடுகள் போரை நிறுத்திப் படைகளைத் திருப்பி அழைக்கச் சொல்லி வாக்களித்தன, எதிர்த்தவை 11-தான். எல்லை தாண்டி வந்த அகதிகள் ஏறக்குறைய ஒரு கோடி என்பது அந்த 104 நாடுகளுக்கும் தெரியும். இன்று அங்கே நுழைந்த படை நாளை நம் எல்லைக்கும் வரும் என்ற அச்சம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இந்தியாவுக்குச் சுயலாபம் இருந்தது, பிறகென்ன மனிதாபிமானம் என்பார்கள். இருந்ததுதான், பாகிஸ்தான் இரண்டாக உடைந்ததற்காக டெல்லியில் யாரும் கண்ணீர் விடவில்லை. (வியாபாரக் கணக்கில் மட்டும் லாபமில்லை. ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் சரக்கு அனுப்பும் சலுகை பங்களாதேஷுக்குக் கிடைத்தது. திருப்பூர் சரக்கு பல ஆண்டுகள் வரி கட்டியே அதோடு மோதியது.) நோக்கம் தூய்மையா என்று பார்க்கப் போனால் எந்த நாடும் தேறாது. அங்குள்ள மக்கள் கேட்டார்களா, போன படை திரும்பியதா என்றுதான் பார்க்க வேண்டும். 1970 தேர்தலில் கிழக்கு பாகிஸ்தானின் 162 பொது இடங்களில் 160-ஐ அவாமி லீக் வென்றிருந்தது. ஆட்சியை யாரிடம் ஒப்படைப்பது என்ற குழப்பமே இல்லை. 1972 மார்ச்சில் டாக்காவில் இந்தியப் படைக்கு வழியனுப்பு அணிவகுப்பு நடந்துவிட்டது.

இப்படி அனுமதித்தால் பலமுள்ளவன் எவனும் மனிதாபிமானத்தின் பெயரில் நுழைவானே என்ற ஆட்சேபம் வலுவானது. அதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. 1987 ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருள் ஏற்றிப் போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவல் வர, யாழ்ப்பாணத்தின் மேல் ஏறக்குறைய 25 டன் பொருட்களைப் பாராசூட்டில் இறக்கின. 'ஆபரேஷன் பூமாலை' என்று பெயர். முற்றுகையில் கிடந்த குடாநாட்டின் பசிக்கு 25 டன் எந்த மூலைக்கு? கொழும்பை மிரட்டத்தான் அது போதும். ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தமிழர் தரப்பின் கையெழுத்து அதில் இல்லை. விடுதலைப் புலிகளை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் 1977-ல் மக்கள் 18 இடங்களில் வெற்றிபெற வைத்த தமிழர் விடுதலைக் கூட்டணியும் அதில் கையெழுத்திடவில்லை. அந்த ஒப்பந்தப்படி அமைதி காக்கப் போன இந்திய ராணுவம் அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குள் புலிகளோடு சண்டையிட்டது. 21-ம் தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது 1,100-க்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரோடு இல்லை.

இத்தகைய நுழைவுகளுக்கு 2005-ல் ஐ.நா. உச்சி மாநாடு ஒரு வரம்பு கட்டியது: படை அனுப்புவதானால் பாதுகாப்பு சபை வழியாக மட்டுமே. 1971-ல் இது இருந்திருந்தால், பாகிஸ்தான் பக்கம் நின்ற அமெரிக்காவும் சீனாவும் அனுமதி தந்திருக்கப்போவதில்லை. சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதத்தையோ அந்த வரம்பு கேட்கவே இல்லை. 2009-ல் முள்ளிவாய்க்காலில் அது என்ன ஆனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.